மின்னும் மன்னுயிரும்

திருவாய்மொழி முதற்பத்து இரண்டாம் திருவாய்மொழியின் இரண்டாம் பாசுரம், சரீரத்தின் நிலையாமையைப் பேசுமிடமெல்லாம் மேற்கோளாக வருவது. மரணம் நேர்ந்த திருமாளிகைகளில் துக்கம் விசாரிக்க வருவோரும் இதனை எடுத்துரைப்பதுண்டு. ஆழ்வாரே இப்படி அருளிச்செய்திருக்க அழுவது தகுமோ என்பது அவர்கள் கருத்து. அக்கருத்துக்குப் பாசுரம் இடங்கொடுக்கிறதா என்பது விசாரிக்கத்தக்கது.

பூர்வாசார்யர்கள் காட்டும் அவதாரிகை முதலில் நோக்கற்பாலது. முதற்பாசுரத்தில் பகவத் விஷயம் ஒழிந்தவற்றை விடும்படி உபதேசித்தாயிற்று. அநாதிகாலம் பழகிப்போந்தவற்றை விடப்போமோ என்று சங்கை பிறக்கும். அவற்றின் தோஷத்தை நினைக்கவே விடலாம் என்பது இப்பாசுரம். ஆகவே நிலையாமை இங்குச் சொல்லப்பட்டது, உயிரோடிருப்பவன் தன் பற்றை நோக்கித் தானே எண்ணிப்பார்ப்பதற்கு. பிறரை இழந்தவனுடைய கண்ணீரை அதட்டுவதற்கன்று.

பாசுரத்திலுள்ள இரண்டு சொற்களே இதற்குச் சான்று. 'இறை' என்பதைக் கடவுள் என்று கொண்டு பொருள் சொல்வாருமுளர். உரைகளைப் பாராத குற்றம் அது. இங்கு அதற்குச் சிறிது என்பதே பொருள். சிறிது நினைத்தால் போதும், கண்கூடான செய்தி. சாஸ்திரம் புரட்ட வேண்டுவதில்லை. அதனாலன்றோ 'நீரே' என்று ஏகாரம் இட்டது! தானே காண வேண்டியதை வேறொருவர் வந்து இடித்துரைத்தால் அந்த ஏகாரம் பழுதாய்விடும்.

இனி, மின்னைச் சொன்ன இடம். 'இன்' உருபை ஒப்புப் பொருளில் கொண்டால், மின்னைப் போல நிலையில்லாதவை என்றாகும். எல்லைப் பொருளில் கொண்டால், மின்னைக் காட்டிலும் நிலையில்லாதவை என்றாகும். இரண்டாவது மிகையுரை போலத் தோன்றும், அன்று. மின்னாவது ஒருகால் தோன்றிப் பின்பு மறைகிறது. சரீரமோ தோன்றுவதற்கு முன் கர்ப்பத்திலேயே நசிக்கவும் காண்கிறோம் என்பது ஈட்டின் போக்கு. ஈடு, நம்பிள்ளை கோஷ்டியில் அருளிச்செய்தவற்றை வடக்குத் திருவீதிப்பிள்ளை பட்டோலை கொண்டது. அக்கோஷ்டியில் கருவிலே மகவை இழந்த கிருஹஸ்தர்களும் இருந்திருக்கக் கூடும். அவர்கள் காதில் இவ்வார்த்தை கண்டனமாக விழுந்திராது. தங்கள் இழவும் ஆசார்யன் திருவுள்ளத்தில் கணக்கில் உள்ளது என்றே விழுந்திருக்கும்.

நாலடியாரிலும் செல்வம், இளமை, யாக்கை மூன்றன் நிலையாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் உண்டு. ஆழ்வாருடைய வாசி, மின்னை அடுத்தே 'மன்னுயிர்' என்று வைத்ததில் உள்ளது. நிலையாதது எது என்று காட்டும் அடியிலேயே நிலைநிற்பது எது என்பதும் சொல்லியாயிற்று. ஆக்கைகள் என்ற பன்மையும் வெறும் பன்மையன்று: ஒருயிர் எடுத்துக் கழித்த உடம்புகள் பல. கழிந்தது உடம்பு, உயிரன்று என்னும் தேறுதல் இப்பன்மையிலே கிடக்கிறது. துக்கம் விசாரிக்க வருவோர் எடுத்துச் சொல்லத்தக்கது இதுவே. பெரும்பாலும் விடுபட்டுப்போவதும் இதுவே.

ஆளவந்தாரை ஸேவிக்க ஆசைப்பட்டுப் பெரிய நம்பியோடு காஞ்சியிலிருந்து வந்த இளையாழ்வார், அவருடைய சரமத் திருமேனியையே ஸேவிக்க நேர்ந்தது. அந்தத் துக்கத்தாலே பெரிய பெருமாளையும் ஸேவியாமல் திரும்பினார் என்பது குருபரம்பரை. திருமேனி நிலையாதென்பது அவர் அறியாததன்று. குருபரம்பரை எழுதினவர்களும் அந்தத் துக்கத்தை அவருக்கு ஒரு குறையாக எழுதவில்லை.