பழைய ராலே சைக்கிளுக்கு என்ன விலை?

“தாத்தா ஓட்டின வண்டி சார், ஒரிஜினல் இங்கிலாந்து ராலே” என்று விற்பவர் ஆரம்பித்ததுமே நான் குனிந்து பின்சக்கர ஹப்பைத் துணியால் துடைப்பேன். ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் என்றால் வயது அதிலேயே இருக்கும். ஏ.டபிள்யூ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 58, 3 என்று பொறித்திருந்தால் 1958 மார்ச்சில் செய்தது. சக்கரத்தை இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். ஆனாலும் தாத்தா கதையைவிட நம்பலாம்.

அடுத்து ஃப்ரேம். மேல் பாரும் கீழ் பாரும் முன்கழுத்தோடு சேரும் இடத்தின் அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். பெயின்ட் வரிவரியாக வெடித்து, குழாய் லேசாகப் புடைத்திருந்தால் எங்கோ நன்றாக மோதிய வண்டி. அதற்கு உதிரிபாக விலைதான். சக்கரக் கோட்டத்தை மெக்கானிக் எடுத்துவிடுவார், டயர் பெரிய விஷயமில்லை. கிராங்க் ஆடினால்தான் தொல்லை. மற்ற ஆங்கிலேய வண்டிகளில் கிராங்க் அச்சைத் தாங்கும் கப்புக்கு அங்குலத்துக்கு 24 மரை இருக்க, ராலே பிடிவாதமாக 26 வைத்தது. மரையை எண்ணாமல் கப் வாங்கினால் காசு போச்சு.

புது பெயின்ட் அடித்துப் பளபளக்கும் வண்டிக்குக் கூடுதலாகக் கேட்டால், நான் குறைத்துத்தான் கேட்பேன். தேய்ந்த கறுப்பில் தங்கக்கோடு பாதி தெரிந்து, முகப்பில் ராலேயின் கொக்குத் தலைச் சின்னம் அப்படியே இருந்தால் பேரம் பேச வாய் வராது. புரூக்ஸ் தோல் சீட் ரிவெட் ஓரத்தில் கிழிந்திருந்தால் அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

பெல் மட்டும் கணீரென்று அடித்தால் நூறு ரூபாய் விட்டுக்கொடுத்துவிடுவேன். என் பலவீனம் அது.