ஒரு நாட் பாடம் போதுமா?

பள்ளி விடுமுறையில் குவீன்ஸ்டவுனில் உள்ள என் மைத்துனர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். காவற்பணி புரியும் அவர், பணியிடத்து உடல்நலச் சொற்பொழிவில் வழங்கிய தாளொன்றைக் காட்டினார். இரத்தப் பரிசோதனையில் அவருக்கு நீரிழிவுக்கு முந்திய நிலை என்று கண்டிருக்கிறார்கள். தாளில் பன்னிரண்டு அறிவுரைகள் இருந்தன. "இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிக்கச் சொல்கிறது. என் வேலையே எட்டு மணிக்குத்தானே மச்சான் தொடங்குகிறது!" என்று நகைத்தார்.

அந்நகைப்பு என்னை வருத்தியது. தாளில் உள்ளவை பொய்யல்ல. ஆயின் அவை யாருக்கோ எழுதப்பட்டவை. சொல்லிவிட்டால் கற்பித்ததாகாது என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் பெற்ற முதற்பாடம். மாணவனின் நிலையறிந்து தொடங்க வேண்டும்; பயிற்சி தர வேண்டும்; மீண்டும் கேட்க வேண்டும். சொற்பொழிவாளர் முதற்படியோடு நின்றுவிட்டார். அப்படியும் சரியாக அமையவில்லை.

இது சிறு குறையன்று. 2010 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், 18 முதல் 69 வயது வரையிலான சிங்கப்பூரருள் நூற்றுக்கு 11.3 பேருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியருள் 17.2 பேருக்கு. 2016 இல் அரசு இந்நோயின்மீது போர் தொடுத்தது. நோய்க்கு முந்திய நிலையில் வலியில்லை, ஆகவே அச்சமுமில்லை. ஆனால் நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புள்ள காலமும் அதுவே.

தொடர்ந்து கற்பித்தால் பயனுண்டா? உண்டு. சென்னை டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், தென்னிந்தியத் தொழிலகங்களில் இந்நிலையிலிருந்த 537 ஆடவரை ஆராய்ந்து 2013 இல் முடிவை வெளியிட்டனர். உணவு, உடற்பயிற்சி பற்றிய அறிவுரை தொடக்கத்தில் அனைவருக்கும் தரப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் அவரவர் மனநிலைக்கேற்ற நினைவூட்டற் செய்திகள் கைப்பேசியில் தொடர்ந்து சென்றன. இரண்டாண்டுகளில் அறிவுரையோடு நின்றவருள் நூற்றுக்கு 27 பேர் நோயாளர் ஆயினர். செய்தி பெற்றவருள் 18 பேரே. ஆடவரை மட்டும் ஆராய்ந்ததால் பெண்டிர்க்கும் இவ்வளவே பயன் என்று துணிதல் கூடாது. ஆயினும் ஒரு நாட் பாடத்திற்கும் தொடர்பாடத்திற்கும் உள்ள வேறுபாடு தெளிவு.

சிங்கப்பூரிலேயே நல்லதொரு முன்மாதிரி உண்டு. 2022 டிசம்பர் இறுதியில் அடைத்து விற்கும் பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் குறி வந்தது. பானத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே பாடம் நிற்கிறது. இதுவன்றோ முறை!

என் மைத்துனருக்குப் பன்னிரண்டு அறிவுரைகள் வேண்டா. நள்ளிரவில் தே தாரிக்கிற்குப் பதில் தே ஓ கோசோங் கேட்கவும், பணிக்குப் புறப்படுமுன் அளவோடு உண்ணவும் ஒருவர் பழக்கிவிட வேண்டும், அடுத்த மாதம் வந்து, "எப்படி நடக்கிறது?" என்று வினவ வேண்டும். தொழிலகத் தலைவர்கள் தாள்களை எண்ணுவதை விட்டு, மாறிய பழக்கங்களை எண்ணுவார்களாக.