ஊட்டுக்குப் போனேன், ஊட்டிக்குப் போனேன்

செந்துறைக்குப் பக்கத்துல ஒரு ஊரில், எண்பது வயசை நெருங்கும் ஆயா ஒருத்தியின் பேச்சை செல்போனில் பதிவு பண்ணிக்கொண்டு வந்தேன். முந்திரிக் கொல்லையில் கொட்டை பொறுக்கப்போன காலம், கூலியைக் கேட்டதற்குக் கொல்லைக்காரன் வைதது, எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரப் பேச்சு. கையால் எழுதினால் ஒரு வாரம் ஓடிவிடும். 'கம்ப்யூட்டரே கேட்டு எழுதுதேப்பா' என்றான் மகன். சரியென்று பேச்சை ஸ்பீக்கரில் ஓடவிட்டு மைக்கைத் திறந்துவைத்தேன். அது எழுதித் தந்த பிரதியைப் பற்றியதுதான் இந்த விமர்சனம். நாவலுக்கும் கவிதைக்கும் எழுதுகிறோமே, மெஷின் எழுதியதற்கு மட்டும் எழுதக்கூடாதா?

ஆயா சொன்னது: 'வெடியக்காலைல கொல்லைக்கிப் போனா பொழுது சாயத்தான் ஊட்டுக்கு வருவன்.' மெஷின் எழுதியது: 'விடியற்காலையில் கொலைக்கு போனால் பொழுது சாயத்தான் ஊட்டிக்கு வருவேன்.' கொலை பண்ணிவிட்டு ஊட்டியில் போய்த் தங்குகிற கேடியாக ஆயாவை ஆக்கியாச்சு. 'எங்க சேரியில' என்றது 'எங்க சரியில்ல' என்று வந்தது. காலனி, காலணி ஆனது. (2025 ஏப்ரலில், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மெஷின் தன் வழியில் அந்த வேலையைத் தொடங்கிவிட்டதோ என்னவோ.)

முதலில் சிரித்தேன். ரெண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இந்தப் பிழைகள் கண்டபடி விழுந்த பிழைகள் அல்ல, எல்லாம் ஒரே திசையில் போகின்றன. 'வருவன்' 'வருவேன்' ஆனதை நான்கூடப் பிழையென்று முதலில் கவனிக்கவில்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

இந்த மெஷினுக்கு நம்மைப் போலக் காது கிடையாது. வந்த ஒலிக்கு எந்தச் சொல் பொருந்தக்கூடும், எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் அதிகம் வரும் என்று கணக்குப் போட்டு ஊகிக்கிறது. எதை அதிகம் கேட்டு வளர்ந்ததோ அதன் பக்கம் சாயும். எதைக் கேட்டு வளர்கின்றன? ஒரு உதாரணம்: சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ஏ.ஐ.ஃபார் பாரத் குழு 2022-ல் 'ஸ்ருதிலிபி' என்ற ஒலித் தொகுப்பை வெளியிட்டது. 12 இந்திய மொழிகள், 6,400 மணி நேரத்துக்கு மேல். அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கைகளிலிருந்து எடுத்தது. செய்தி வாசிக்கிறவர் வாயில் 'ஊடு' எந்தக் காலத்தில் வந்தது? குறையை மட்டும் சொல்லக்கூடாது. அதே குழு 2024-ல் 'இண்டிக்வாய்சஸ்' என்று 22 மொழிகளில், 145 மாவட்டங்களுக்குப் போய், 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் குரலைத் திரட்டியது. அதில் பெரும்பகுதி எழுதிவைத்து வாசிக்காத, தானாகப் பேசின பேச்சு. நல்ல காரியம். ஆனால் மாவட்டம் ஒன்றாக இருந்தாலும் அதற்குள் ஊரும் சேரியும் ரெண்டு.

அமைப்புகள் என்ற பகுதியைத் திறந்தேன், ஏதாவது திருப்பிவிட முடியுமா என்று. கூகுள் 2017-ல் தமிழில் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது. அதன் மொழிப் பட்டியலில் நாலு தமிழ்: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா. பாஸ்போர்ட் உள்ள தமிழ்கள். விண்டோஸில் முன்பிருந்த பழைய பேச்சுணரியில் தமிழே கிடையாது. ஆனால் அதில் ஒரு மரியாதை இருந்தது. புதிதாக உட்காருகிறவர் சில வாக்கியங்களை வாசித்துக்காட்டினால் அவர் குரலுக்கு அது பழகிக்கொள்ளும். தெரியாத சொல்லை அகராதியில் சேர்த்து, எப்படி உச்சரிப்பது என்றும் சொல்லிக் கொடுக்கலாம். நான் வைத்திருந்த மென்பொருளில் அப்படி ஒரு இடம் காணோம்.

அதனால் வேறு வழி செய்தேன். காதில் மாட்டிக்கொண்டு ஆயா பேசுவதைக் கேட்டு, நானே திரும்பச் சொன்னேன். நன்றாகவே எழுதியது. பத்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. ஆயா 'ஊட்டுக்கு' என்கிறாள், என் வாய் 'வீட்டுக்கு' என்கிறது. மெஷின் என்னிடம் பழகவில்லை, நான்தான் அதனிடம் பழகிக்கொண்டிருந்தேன். நாலாங்கிளாஸில் 'ஊட்டுப்பாடம் எழுதலீங்க சார்' என்று சொல்லி, பாடம் எழுதாததற்கு ஒன்றும் 'ஊடு' என்றதற்கு ஒன்றுமாக ரெண்டு அடி வாங்கியவன் நான். மெஷின் அடிக்கவில்லை. சரியாகச் சொன்னால் சரியாக எழுதுகிறது, அவ்வளவுதான். அந்தப் பரிசுக்கே என் நாக்கு மடங்கிவிட்டது. 1992-ல் பாமாவின் 'கருக்கு' பேச்சு மொழியில் வந்தபோது கொச்சை என்று முகம் சுளித்தவர்களோடு சண்டை போட முடிந்தது. முகமே இல்லாததோடு எப்படிச் சண்டை போடுவது? நானும் இந்தக் கட்டுரையை முக்கால்வாசி எழுத்துத் தமிழில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கொல்லைக்காரன் ஆயாவை வைத இடம் வந்தது. சாதிப் பெயரையும் ஒரு கெட்ட வார்த்தையையும் சேர்த்து, நாலு பேர் நிற்கும்போது சொன்னது. பிரதியில் சாதிப் பெயர் 'பறவை' ஆகியிருந்தது. அதன் பின்னால் நாலு நட்சத்திரக் குறி. பறவை, நட்சத்திரம். வானம்பாடிக் கவிதை மாதிரி இருந்தது.

நட்சத்திரத்துக்குக் காரணம் ஒரு அமைப்பு: தகாத சொற்களை மறை. நான் கேட்காமலே அது இயங்கிக்கொண்டிருந்தது. யாருடைய காது கூசக்கூடாது என்று இந்த ஏற்பாடு? ஆயாவின் காது அன்றைக்கே கேட்டாகிவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. 2015-ல் திருத்தி, பொதுப்பார்வையில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதைத் தனிக் குற்றமாகவே எழுதினார்கள். அங்கே சொல்தான் குற்றம், சொல்தான் சாட்சி. 'இழிவாகப் பேசினார்' என்று பூசி மெழுகிய புகார் கோர்ட்டில் நிற்பது கஷ்டம் என்று வழக்கு நடத்தினவர்களுக்குத் தெரியும். மறைக்கும் அமைப்பை அணைத்தேன். கெட்ட வார்த்தை வந்தது. பறவை பறவையாகவே இருந்தது.

கடைசியில் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கையால்தான் எழுதினேன், ஒன்பது நாள் ஆச்சு. அதற்கு முன்னால் மெஷின் எழுதியதை ஆயாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினேன். ஊட்டி வந்த இடத்தில் 'நான் எப்படா ஊட்டி போனன்' என்று பொக்கைவாய் தெரியச் சிரித்தாள். கொல்லைக்காரன் வைத இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

'அந்த வார்த்த எங்கடா?'

'வரலீங்க ஆயா.'

'அத எழுது மொதல்ல. அதுக்குத்தான ஒங்கிட்ட சொன்னன்.'