மரத்தில் அமுங்கிய மூன்றெழுத்து

பழைய அமெரிக்க ராணுவத் துப்பாக்கியான எம்1 காரண்டின் வால்நட் மரக்கட்டையை நேர் வெளிச்சத்தில் பார்த்தால் எண்ணெய் ஊறிய பழுப்பு நிறம்தான் தெரியும். விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். இடப்பக்கத்தில் ஒரு சிறு கட்டம் மெல்லத் துலங்கும். உள்ளே மேல்வரி ‘எஸ்ஏ’, கீழ்வரி ‘ஜிஎச்எஸ்’. அருகே வட்டத்துக்குள் குறுக்கிட்ட இரு பீரங்கிகள். உளியால் செதுக்கியதல்ல; முத்திரை அழுத்தத்தில் மரநார்கள் அமுங்கி, வளைந்து, எழுத்துக்கு இடம் கொடுத்திருக்கின்றன.

‘எஸ்ஏ’ என்பது மாசசூசெட்ஸிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி என்ற துப்பாக்கி ஆலை. காலத்தைச் சொல்வது கீழ்வரி. 1940 வரை அங்கே ஸ்டான்லி பி. கிப்ஸ் என்ற ஆய்வாளரின் ‘எஸ்பிஜி’. பிறகு ஆலைத் தலைவர்களின் முதலெழுத்துகள்: 1942 வரை கில்பர்ட் எச். ஸ்டூவர்ட், அடுத்து ஏர்ல் மக்ஃபார்லண்ட், ஜார்ஜ் ஏ. வுடி. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் ‘என்எஃப்ஆர்’, அதாவது நார்மன் எஃப். ராம்சி. 1989-இல் இயற்பியல் நோபல் பெற்ற நார்மன் ராம்சி இவருடைய மகன். அணுக்கடிகாரத்துக்கு வழிவகுத்தது மகனின் ஆய்வு. துப்பாக்கிக்குக் காலம் சொல்வது தந்தையின் எழுத்து. என்ன பொருத்தம்!

கைப்பிடியின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் வட்டத்துக்குள் ஒரு ‘பி’. வழக்கத்தைவிட அழுத்தம் மிகுந்த தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கியது என்பதற்கு வைத்த சான்று அது.

எழுத்தைப் படித்துவிட்டு அதைச் சுற்றியுள்ள மரத்தையும் படிக்க வேண்டும். உண்மையான முத்திரையின் விளிம்பு, பல கைகள் பட்டு மழுங்கியிருக்கும். பக்கத்துக் கீறல்களும் அதே வயதில் இருக்கும். தேய்ந்த கட்டையில் எழுத்து மட்டும் கூர்மையாக நின்றால், போலியோ என்ற சந்தேகம் வர வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முத்திரை கரைந்துவிடும். பள்ளங்களை எடுக்க ஈர ஆவி காட்டினால், அமுங்கிய நார் நிமிர்ந்து எழுத்தையும் மேலே தள்ளிவிடும். அழகுபடுத்தப்போய் வரலாற்றை அழித்த கட்டைகள் எத்தனையோ!

1953-இல் பெயரெழுத்துகள் விடைபெற, கட்டத்துக்குள் மூன்று நட்சத்திரங்களோடு கழுகு வந்து அமர்ந்தது.

மறுபடியும் அந்த ‘ஜிஎச்எஸ்’ கட்டத்தைப் பாருங்கள். ஒரு மூலை ஆழம், எதிர்மூலை மங்கல். எழுத்து தலைவருடையது. அந்தச் சாய்வோ, அன்று முத்திரை பதித்த பெயர் தெரியாத தொழிலாளியின் கை.