எட்டயபுரத்து நொக்கும் இங்கிலீஷ் நோட்டும்

கரிசல் வட்டாரத்து இசைப் பேச்சில் கலந்துபோன இங்கிலீஷ் சொற்களில் பிடில் பழையது. கச்சேரி நோட்டீஸில் வயலின் என்று அச்சடிப்பார்கள். பெரியவர்கள் வாயில் வருவது பிடில்தான். எட்டயபுரம் அரண்மனைக்கு அந்த வாத்தியம் வந்தது பாலுஸ்வாமி தீட்சிதரோடு (1786–1858). முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பியான இவர், குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில் இருந்த காலத்தில், மணலி முதலியாரின் ஆதரவில் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றவர். பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். இடைசெவல், கோவில்பட்டிப் பக்கத்தில் எட்டயபுரம் என்றதும் பாரதி பிறந்த ஊர் என்பார்கள். பிடிலைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கியவர்களில் முதல் வரிசைக்காரர் வாழ்ந்த ஊர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வந்த வாத்தியத்தை நம்மவர்கள் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டார்கள். நின்றபடி மோவாய்க்கடியில் அணைத்து வாசிப்பதை விட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலைப்பகுதி கணுக்காலில் பதிய வாசித்தார்கள். நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று சேர்த்தார்கள். உறுப்புகளுக்குப் பெயர் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. வீணையில் இருந்த குதிரையும், தந்தியை முறுக்கும் பிரடையும் பிடிலுக்கும் பொருந்தின. தந்திகளைத் தூக்கிப் பிடிக்கும் சின்ன மரத்துண்டுக்கு இங்கிலீஷ்காரர் பாலம் என்று பெயர் வைத்திருக்கிறார். தமிழில் அது குதிரை, தந்தி அதன்மேல் சவாரி.

மணலி நாட்களின் இன்னொரு வரவு நோட்டு. கோட்டைப் பட்டாளத்தின் பேண்டு மெட்டுகளுக்கு முத்துஸ்வாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் வரிகள் அமைத்தார். சுமார் 40 உருப்படிகள், காட் சேவ் த கிங் மெட்டில் ஒன்று உட்பட. நோட்டு சுர சாகித்தியம் என்று இவற்றுக்குப் பெயர். மேல்நாட்டார் மேஜர் என்று சொல்லும் சுர வரிசை நம் சங்கராபரணத்தோடு ஒத்துப்போவதால் இவை சங்கராபரணத்தில் அடங்கிவிட்டன. மைனருக்கு இணை தேடுகிறவர் நடபைரவிக்குப் போக வேண்டும். 1835-ல் எட்டயபுரத்தில் காலமான தீட்சிதரின் பெருமை இந்த உருப்படிகளில் இல்லை. பிள்ளைகள் நேர்சுரம் பழக நல்லவை, அவ்வளவுதான். நோட்டு என்ற சொல்லுக்கு ஊரறிந்த கௌரவம் கொடுத்தது பின்னால் வந்த இங்கிலீஷ் நோட்டு. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945) அமைத்ததை மதுரை மணி ஐயர் சுரங்களாகவே பாடிப் பரப்பினார். கல்யாண ஊர்வலத்தில் நாயனக்காரரைப் பார்த்து, “ஒரு நோட்டு வாசிங்க” என்று கேட்கிற அளவுக்கு அது இறங்கி வந்தது.

இங்கிலீஷ் இசைமொழியையும் நம் சங்கீதத்தையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தவர் ஏ. எம். சின்னசாமி முதலியார். எம்.ஏ. படித்துச் சென்னையில் அரசு வேலை பார்த்தவர், கிறிஸ்தவர், மேல்நாட்டு இசையை எழுதவும் படிக்கவும் தேர்ந்தவர். கீழ்நாட்டு இசையை ஐரோப்பியக் குறிமுறையில் தருவதாகச் சொல்லி 1892, 93-ல் ஓர் இங்கிலீஷ் வெளியீட்டை நடத்தினார். கீர்த்தனைகளை ஐந்து கோட்டில் புள்ளி வைத்து அச்சிட்டார். சந்தேகம் கேட்க அவர் நாடியவர்களில் முக்கியமானவர் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் (1839–1906), பாலுஸ்வாமியின் மகள் வயிற்றுப் பேரன், அவராலேயே சுவீகாரம் எடுக்கப்பட்டவர்.

ஐந்து கோட்டு முறை சுரம் நிற்கும் இடத்தைக் காட்டுவதில் வல்லது. நம் சங்கீதத்தில் சுரம் நிற்பது குறைவு. தோடி ராகத்துக் காந்தாரத்தை எடுத்துக்கொண்டால் போதும். அது ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில் ஊசலாடும். அந்த ஊசலாட்டம்தான் காந்தாரம். அதை ஒரு புள்ளியாக எழுதி, பியானோவில் அந்தக் கட்டையை அமுக்கினால் வருவது வேறொரு சுரம், தோடி வராது. இந்த ஊசலாட்டத்தின் பெயர் கம்பிதம். வைப்ராட்டோ என்ற மேல்நாட்டுச் சொல்லைச் சிலர் அதற்கு ஈடாகச் சொல்வதுண்டு. வைப்ராட்டோ ஒரே சுரத்தின் மேல் விழும் மெல்லிய நடுக்கம். அதை எடுத்துவிட்டாலும் சுரம் அப்படியே இருக்கும். கம்பிதத்தை எடுத்துவிட்டால் ராகமே போய்விடும்.

சின்னசாமி முதலியாரின் தூண்டுதலும் எட்டயபுரம் ஜமீனின் செலவும் சேர்ந்து ஒரு பெரும் புத்தகம் பிறந்தது. சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904-ல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சானது. சுரத்தை அசைக்கும் முறையான கமகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. சுரத்தின் தலையில் அதை ஏற்றி அச்சுக் கோத்தார்கள். கம்பிதத்துக்கு நெளிகோடு, ஏற்ற ஜாருவுக்கு மேலேறும் சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு இறங்கும் சாய்கோடு, ஒதுக்கலுக்குப் பெருக்கல் குறி. ஐரோப்பியப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டது, குறி போட்டு எழுதலாம் என்ற துணிச்சலை. எதற்குக் குறி போடுவது என்பது வீணைக்காரரின் விரல் சொன்னது.

பெயர்களைப் பார்த்தாலே அது விளங்கும். கம்பிதம், ஸ்புரிதம் போன்றவை சாஸ்திரத்திலிருந்து வந்த சமஸ்கிருதப் பெயர்கள். நொக்கு, ஜாரு, ஒதுக்கல் எல்லாம் கை வேலையின் பெயர்கள். நொக்கு என்றால் தெலுங்கில் அமுக்கு. ஜாரு என்றால் வழுக்கு. விரல் தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டே ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது. ஒதுக்கல் தமிழ், வீணையின் மெட்டை விட்டு நகராமல் தந்தியைப் பக்கவாட்டில் ஒதுக்கி மேல் சுரத்தை வரவழைப்பது. ஏற்ற ஜாருவில் தமிழும் தெலுங்கும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கின்றன. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைந்த கரிசல் மண்ணில் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. 1961-லிருந்து சென்னை மியூசிக் அகாடமி இந்தப் புத்தகத்தைத் தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டது. சாதாரண ரசிகரும் அதைப் புரட்டிக் கமக விளக்கங்களை மட்டுமாவது படிக்கலாம். அடுத்த கச்சேரியில் வீணைக்காரரின் இடது கை வேறு மாதிரித் தெரியும்.

ஆர்மோனியத்தின் கதை இதற்கு நேர் எதிர். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடகக் கொட்டகையில் அது ராஜா. மேடையோரத்துப் பின்பாட்டுக்காரர் காலால் துருத்தியை மிதித்து இரண்டு கையாலும் வாசித்தால் கடைசி வரிசை வரை கேட்கும். ஆனால் அமுக்கினால் சுரம், எடுத்தால் மௌனம். நொக்கும் இல்லை, ஜாருவும் இல்லை. இந்தக் குறையைச் சொல்லி அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. தடை 1971 வரை நீடித்தது. ஆனாலும் சுருதியின் அளவுகோலாக ஆர்மோனியத்தின் கட்டைதான் நிலைத்தது. இங்கிலீஷில் சி என்பது ஒரு கட்டை, டி இரண்டு, ஜி ஐந்து. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை. இந்த வாய்ப்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த ஊர் வாத்தியக்காரரோடும் சுருதி பேசலாம். வானொலிக்கு ஆகாத பெட்டியின் பெயரில்தான் வானொலி வித்வான்களும் சுருதி சொன்னார்கள். “உங்களுக்கு எத்தனை கட்டை?” என்பது இன்றும் பாடகரிடம் கேட்கும் முதல் கேள்வி.

இங்கிலீஷ் சொல் அதிகம் ஒட்டாத வாத்தியம் நாயனம் என்னும் நாதசுரம். இரட்டை நாக்கு உள்ள துளைக்கருவி என்ற முறையில் அதை ஒபோவின் உறவுக்காரன் என்று வெளியூர்க்காரருக்கு அறிமுகம் செய்யலாம். சத்தத்தில் உறவு தெரியாது. நீண்ட மரக்குழல் உலவு. ஆச்சா மரத்தில் கடைவார்கள். அடியில் விரிந்த வாய் அணசு. மேல்முனையில் செருகும் உலோகக் குழாய் கெண்டை. அதன் தலையில் சீவாளி. நாணல் தட்டையைப் பதப்படுத்தி, மடித்து, நூலால் கட்டிச் செய்யும் இந்தச் சின்னப் பொருள்தான் வித்வானின் உயிர். ஈரம் பட்டால் ஒரு குணம், காய்ந்தால் ஒரு குணம். அதனால்தான் நாலைந்து சீவாளிகளையும் அவற்றின் துளையைச் சரிசெய்ய ஓர் ஊசியையும் சரமாகக் கோத்து வாத்தியத்திலேயே தொங்கவிட்டிருப்பார். விரல் ஆடும் துளைகள் ஏழு. கீழே விரல் படாத துளைகள் ஐந்து. அந்த ஐந்துக்குப் பிரம்மசுரம் என்று பெயர். மெழுகு வைத்துக் கூட்டியும் குறைத்தும் சுருதியைத் திருத்துவது அவற்றில்தான்.

குட்டையான திமிரி நாலு, ஐந்து கட்டையில் பேசும், ஊர்வலத்துக்கு ஏற்றது. நீளமான பாரி இரண்டு, இரண்டரைக் கட்டையில் பேசும். பாரியை மேடைக்கு ராஜாவாக்கியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). சுத்த மத்திமம் சுத்தமாகப் பேசும்படி அவருக்குப் பாரி செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. அந்த ஊர் நாதசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) கோவில்பட்டியில் குடியேறி வாழ்ந்தவர். கொஞ்சும் சலங்கை (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரியில் போட்டிபோடும் அவர் நாயனத்தைக் கேட்காத தமிழர் குறைவு. தொழிற்சொல் இரண்டைத் தெரிந்துகொண்டு அதை மறுபடி கேட்க வேண்டும். நாக்கால் காற்றைத் தட்டித் தட்டிச் சுரத்தை வெட்டி விடுவது துத்துக்காரம். நாக்கைத் தொடாமல் விரலை மட்டும் அடித்துச் சுரங்களைப் பொரிப்பது விரலடி. பாட்டில் ஜானகியின் அதிவேகப் பிருகாவுக்கு ஈடுகொடுக்கும் இடங்களில் காது விரலடியைத் தேடினால், சினிமாப் பாட்டாகக் கேட்டது மேளக்காரரின் வித்தையாகக் கேட்கும். இந்த இரண்டு சொல்லுக்கும் நேரான இங்கிலீஷ் சொல்லைத் தேடிக் கண்டுபிடித்தாலும் அது இவ்வளவு துல்லியமாக வேலை செய்யாது.

நாயனத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே சுருதியை விடாமல் ஊதுவது ஒத்து. சுருதிப்பெட்டி வந்து ஒத்துக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ‘ஒத்து ஊதுகிறான்’ என்ற வசவு மட்டும் ஊரில் தங்கிவிட்டது. ஜால்ராவும் பின்பாட்டும் இதே கதிக்கு ஆளானவை. கச்சேரியைத் தாங்கிப் பிடிக்கிறவர்களின் தொழிற்பெயரையெல்லாம் முகஸ்துதிக்குப் பெயராக வைத்தது தமிழர் செய்த அநியாயம். இங்கிலீஷ்காரரும் இரண்டாம் பிடிலை இப்படித்தான் கேவலப்படுத்தியிருக்கிறார்.

தவிலில் அடியின் பெயரே சொல். பலா மரத்துக் கூட்டின் வலப்புறம் வலந்தலை, இடப்புறம் தொப்பி. வலந்தலையை விரல்கூடு மாட்டிய கையும் தொப்பியைப் பூவரசங்குச்சியும் பேசவைக்கும். தகிட, தகதிமி என்று வாயில் சொல்லிப் பழகியது கைக்கு வரும். “சொல் தெளிவா விழுது” என்பது தவில்காரருக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு. நையாண்டி மேளத்து உறுமி, ஒரு தோலை வளைந்த குச்சியால் தேய்த்து எழுப்பும் உறுமலால் பெயர் பெற்றது. பறையை நெருப்பில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றி, ஒரு கையில் அடிக்குச்சியும் மறு கையில் சிண்டுக்குச்சியுமாக வாசிப்பார்கள். வில்லுப்பாட்டில் வில்லை அடிப்பது வீசுகோல். இவை எல்லாவற்றையும் இங்கிலீஷ் பாடப்புத்தகம் டிரம், ஸ்டிக் என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடும்.

வாத்தியங்களை வகைபிரித்த விஷயத்தில் மட்டும் கடன் எதிர்த்திசையில் போயிருக்கிறது. தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்ற நால்வகை தமிழ் உரையாசிரியர்களுக்குத் தெரிந்ததே. நாட்டிய சாஸ்திரத்திலும் நாலு வகை உண்டு. பிரஸ்ஸல்ஸ் இசைக்கல்லூரி அருங்காட்சியகத்தைக் கவனித்த மஹிலான், வங்காளத்துச் சௌரீந்திர மோகன் தாகூர் அனுப்பிய இந்திய வாத்தியங்களை வைத்திருந்தவர். அவருடைய நால்வகைப் பிரிவு இந்தியப் பிரிவை ஒட்டியது. அதை விரித்துத்தான் 1914-ல் ஹார்ன்போஸ்டலும் சாக்ஸும் இன்றைய உலக அருங்காட்சியகங்கள் பின்பற்றும் வகைப்பாட்டைத் தந்தார்கள்.

சொற்களைத் தாண்டி ராகத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர் விளாத்திகுளம் சுவாமிகள் என்ற நல்லப்ப சுவாமிகள் (1889–1965). சாகித்தியத்தைத் தொடாமல் மணிக்கணக்கில் ஆலாபனை செய்தவர். இடைசெவலின் இரண்டு எழுத்தாளர்களும், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும், அவரிடம் இசை கேட்டும் கற்றும் வளர்ந்தவர்கள். பின்னாளில் அழகிரிசாமி அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பதிப்பித்ததும், கி.ரா. 1982-ல் கரிசல் வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்ததும் அந்தக் காதுப் பழக்கத்தின் தொடர்ச்சி என்று கொள்ள இடமிருக்கிறது.

பிள்ளைகளுக்கு வாத்தியப் பெயர்களை இங்கிலீஷில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒபோ, சிம்பல், டிரம் என்று படம் காட்டி முடித்த பிறகு, அடுத்த கோயில் கொடையில் மேளக்காரர் பக்கத்தில் பிள்ளைகளை ஒரு பொழுது உட்கார வையுங்கள். அணசு, கெண்டை, சீவாளி, வலந்தலை, தொப்பி என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டச் சொல்லி நோட்டில் எழுதட்டும். கேட்டால் மேளக்காரர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள்.