அழிக்க வேண்டிய நாள்

பினாங்கின் செபராங் ஜெயாவில் தனியார் கிளினிக்குக்குப் போனால் முதலில் கேட்பது மைகார்ட் என்ற அடையாள அட்டையைத்தான். அதன் 12 இலக்க எண்ணிலேயே பிறந்த தேதி, பிறந்த மாநிலம் (பினாங்குக்கு 07), ஆணா பெண்ணா என்பது வரை அடங்கிவிடுகிறது. 2017-இல் மலேசியாவின் 4 கோடிக்கும் மேற்பட்ட கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தன. அதற்குப் பிறகு மைகார்டை நீட்டும்போது எனக்குக் கொஞ்சம் கை தயங்கும்.

அதனால்தான் தனியுரிமை மேலாண்மை மென்பொருள்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம். பார்வைக்கு வெறும் பதிவேடு: என்ன தகவல், எதற்காக, யார் கையில். ஆனால் மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்குள் உயிரோடு இயங்குகிறது. பெரிய கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2025 முதல் கட்டாயம். அந்தக் கெடுவை மென்பொருள் திரையில் எண்ணிக்கொண்டே இருக்கும். சட்டத்தின் தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவோருக்கான உச்ச அபராதமும் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாகிவிட்டது.

என்னை மிகவும் கவர்வது கடைசிக் கட்டம்: அழிக்க வேண்டிய நாள். வாங்கிய நோக்கம் முடிந்ததும் தகவலை அழிக்கச் சொல்கிறது சட்டம். மனிதர்கள் மறந்துபோகும் வேலை இது. பழைய கோப்பு அலமாரி எதையும் நினைவூட்டியதில்லை, மென்பொருள் நினைவூட்டுகிறது.

தகவலை வாங்கும்போது தரும் தனியுரிமை அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழையும் சேர்க்க எந்தத் தடையும் இல்லை. செபராங் ஜெயா, பிறை வட்டாரத்துப் பெரியவர்களுக்காக யாராவது சேர்க்க வேண்டும்.