பரமார்த்த குருவும் வகுப்பறையும்

வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய பரமார்த்த குரு கதை, 1822இல் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சேறியது. சிறுவர்க்கு அதனைக் கற்பிக்குங்கால், ‘மூடரைச் சேராதே’ எனும் நீதியோடு நின்றுவிடுவது நூலின் உயிரை இழப்பதாகும்.

குதிரைக் கதையை நோக்குக. குருவின் தலைப்பாகை விழுகின்றது. கட்டளை இல்லையெனச் சீடர் அதனை எடுத்திலர். விழுவன யாவற்றையும் எடுக்குமாறு பணிக்கிறார். குதிரையின் இலத்தியையும் ஏந்துகின்றனர். எடுக்கவேண்டியவற்றை எழுதிக் கொடுக்கிறார். ஈற்றில் குருவே விழுகிறார். ஓலையில் அவர் பெயர் இல்லை!

ஒரு பிழையைத் திருத்தப் பிறந்த கட்டளையே அடுத்த பிழைக்கு வித்தாகின்றது. இது கதையின் கட்டமைப்பு. சீடர் சொல்லை மீறினாரல்லர். சொல்லுக்கு முற்றாகக் கீழ்ப்படிந்தனர். கூறியதற்கும் கருதியதற்கும் உள்ள இடைவெளியே நூலாசிரியரின் மொழி விளையாட்டுக் களம்.

ஓலை எழுதப்பட்டதும் வாசிப்பை நிறுத்தி, ‘இனி எது விழும்?’ எனக் கற்பிப்பவர் வினவுதல் வேண்டும். ‘குரு’ என விடையிறுக்கும் பிள்ளை கதை கட்டப்பட்ட முறையைக் கண்டுகொண்டதாகும். நீதியை மனனஞ் செய்த பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு கதை மட்டுமே. அமைப்பை உணர்ந்த பிள்ளையோ தானும் கதை புனையும். தனக்கு இடப்படும் கட்டளைகளின் பொருளையும் ஆராய்ந்து பார்க்கும்.